ஒட்டுப் போர்வையும் ஒரு திருவசனமும்

பெண்களுக்கான மார்க்க வகுப்பு ஒன்றில் பேசி முடித்துவிட்டு எழுந்த நேரம். திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி சிறு சீட்டு ஒன்று எழுதி அனுப்பியிருந்தார். அதில் கண்டிருந்த கேள்வி இதுதான்: "வீட்டில் கிடக்கும் பழைய துணிகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைப்பது என் வழக்கம். வருடத்திற்கு மூன்று நான்கு முடியும். இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். பழந்துணிதானே, இதற்கு ஸதகாவின் நன்மை உண்டா? அல்லது என் மனத்திருப்திக்காகத் தைத்துவிட்டு, நன்மை செய்வதாக நானே நினைத்துக் கொள்கிறேனா?"

சீட்டைப் படித்ததும் நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. ஏனெனில் இதே கேள்விக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் நாம் ஒரு விடை சொல்லியிருந்தோம். எவரும் கேட்காமலே, பெற்ற தாயிடம் சொன்ன விடை அது. அவசரத்தில் சொன்னது, தவறானது. அந்தச் சகோதரிக்கு அன்று சுருக்கமாகப் பதில் கூறினோம். விரிவான பதிலை இங்கே எழுதுகிறோம். அவரைப் போலவே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் மற்றத் தாய்மார்களுக்கும் இது பயன்படக்கூடும், இன்ஷா அல்லாஹ்.

போர்வை உருவாகும் விதம்

நம் வீடுகளில் துணி எளிதில் வீணாவதில்லை. பெருநாளைக்கு வரும் சேலை சில காலம் பெட்டியில் இருந்து, விசேஷங்களுக்கு உடுத்தப்பட்டு, பிறகு அன்றாடச் சேலையாகிறது. நைந்த பிறகு பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஆகிறது. அதற்கும் பிறகுதான் அடுப்படியில் கரித்துணி. ஆனால் ஒரு சேலை முழுவதும் ஒரே சமயத்தில் நைவதில்லை. காலடியில் உராயும் கரை கிழிந்திருக்கும்; முந்தானைப் பக்கம் நன்றாக இருக்கும். கைலியில் உட்காருமிடம் நைந்து போயிருக்கும். மற்ற இடம் புதுத் துணி போலிருக்கும். அந்த நல்ல இடங்களைத் தேர்ந்து வெட்டி எடுப்பதில்தான் ஒட்டுப் போர்வையின் வேலை தொடங்குகிறது.

நமது தாயார் அந்தத் துண்டுகளை ஒரு பழைய தலையணை உறைக்குள் சேர்த்து வைப்பார்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் பாயை விரித்து உட்கார்ந்து, ஓர் அட்டையை அளவாக வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டுவார்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று பாயின் மேல் பரப்பி வைத்துப் பார்ப்பார்கள். மேலே ஒட்டுத் துண்டுகள், நடுவே மடித்த பழைய நூல் சேலை, அடியில் ஒரு முழுத் துணி; மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள போர்வைக்கு நெருக்கமாகத் தைத்தால் சுமார் 60 வரிசை வரும். ஓர் அங்குலத்திற்கு 3 தையல் என்றால் ஒரு வரிசைக்கு 216 தையல். மொத்தத்தில் ஏறத்தாழ 13,000 முறை ஊசி துணிக்குள் இறங்கி ஏற வேண்டும். இரண்டு மாதத்திற்குக் குறைந்து ஒன்று முடிந்து நாம் பார்த்ததில்லை.

இது நம் பகுதிக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைக்கும் 'காந்தா' பெயர் பெற்றது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஸித்தி மக்களின் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. நான்கு ஓரங்களிலும் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய் நடுவில் முடிப்பது அவர்கள் முறை. வறுமையும் பொறுமையும் கூடிய இடங்களிலெல்லாம் இந்தத் தொழில் தோன்றியிருக்கிறது.

நாம் சொன்ன சொல்

மதரஸாவில் ஓதி முடித்து ஸனது பெற்று ஊர் திரும்பிய புதிது. கற்றதையெல்லாம் எவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் அந்த வயதில் இருக்கும். ஒரு நாள் தாயார் முடித்த போர்வை ஒன்றை மடித்து, பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றிருந்த ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்ப எடுத்து வைத்தார்கள். நாம் குறுக்கிட்டு, சூரத்துல் பகராவின் 267ஆம் வசனத்தை ஓதினோம். நீங்கள் தேடிய நல்ல பொருள்களிலிருந்து செலவு செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டே அல்லாமல் நீங்களே வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமானதைக் கொடுக்க நாடாதீர்கள் என்பது அதன் கருத்து. கந்தல் துணியை ஒட்டுப் போட்டுக் கொடுப்பது இந்த வசனத்திற்கு மாற்றம் என்றோம். கொடுப்பதானால் கடையில் புதுப் போர்வை வாங்கிக் கொடுங்கள் என்றும் சொன்னோம்.

தாயார் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. "சரி வாப்பா, நீ ஓதினவன்" என்று மட்டும் சொன்னார்கள். மறுநாள் அந்தத் தலையணை உறை பரணுக்குப் போய்விட்டது. லுஹருக்குப் பின் பாய் விரிப்பதும் நின்றுபோயிற்று. புதுப் போர்வை வாங்கிக் கொடுக்க அவர்கள் கையில் பணம் ஏது? ஆகவே அந்த ஆண்டு எவருக்கும் எந்தப் போர்வையும் போகவில்லை. ஒரு வசனத்தை ஓதி ஒரு நன்மையை நிறுத்திவிட்டோம் என்பது அப்போது நமக்குப் புலப்படவில்லை. சரியானதைச் செய்துவிட்டதாகவே நினைத்தோம்.

அடுத்த ஆண்டு, நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டப் பகுதிப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியேற்றோம். புறப்படும் நாளில் தாயார் பரணிலிருந்து எதையோ எடுத்துப் பெட்டிக்குள் வைத்ததைக் கவனித்தோம், கேட்கவில்லை. மலையில் முதல் இரவு. டிசம்பர் மாதத்துக் குளிர். சமவெளியில் வளர்ந்த உடலுக்குப் பல் கிட்டிப்போயிற்று. பெட்டியைத் திறந்தால், பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் போகாமல் நின்றுபோன அதே ஒட்டுப் போர்வை இருந்தது. நாம் ஆராயவில்லை; வசனமும் ஓதவில்லை. எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தோம். தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், ஓரத்தில் இருந்த கட்டம் போட்ட நீலத் துண்டு மர்ஹூம் வாப்பா உடுத்தியிருந்த கைலி. அதற்கு அடுத்தது நமது சிறு வயதுச் சட்டை.

அப்போதுதான் அந்த வசனம் நம்மை நோக்கித் திரும்பிற்று. மட்டமானது என்று எதைச் சொன்னோமோ, அதை நாமே கண்ணை மூடாமல், இரு கைகளாலும் வாங்கிப் போர்த்திக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் அது மட்டமானதாக எப்படி இருக்க முடியும்?

காலையில் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, "உம்மா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றோம். "அதுக்கென்ன வாப்பா. நம்ம வீட்டுல விரிக்க முடியாததை நான் யாருக்கும் கொடுத்ததில்லே. அது உனக்குத் தெரியாது, சின்னப் பிள்ளை" என்றார்கள். பிறகு, "வரும்போது வெள்ளை நூல்கண்டு நாலு வாங்கிட்டு வா. இங்கே கடையில கிடைக்கிறது அறுந்து அறுந்து போகுது" என்றார்கள்.

மட்டமானது எது?

அந்த வசனம் இறங்கிய சூழலை மறந்துவிட்டு அதன் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் நாம் செய்த பிழை. பராஃ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதீயில் இருக்கிறது. மதீனத்து அன்ஸாரிகள் தங்கள் தோட்டங்களிலிருந்து பேரீச்சங்குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களான ஏழை ஸஹாபாக்கள் பசித்தபோது அதிலிருந்து உண்பார்கள். சிலர் மட்டும் காய்ந்ததும் சொத்தையும் முறிந்ததுமான குலைகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்கள். நல்ல குலை தோட்டத்தில் இருக்க, வேண்டாததை ஏழைக்கு ஒதுக்கிய அந்த மனநிலையைத்தான் இறைவன் கண்டித்தான்.

எனவே ஒரு பொருள் பழையதா புதியதா என்பது இங்கே அளவுகோல் அல்ல. நம்மிடமிருந்து கழித்துவிடக் கொடுக்கிறோமா, அவரிடம் போய்ச் சேர்வதற்காகக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. கடையில் வாங்கிய புதுப் போர்வையும் மட்டமான கொடையாகலாம். விலை குறைந்ததிலேயே மிகக் குறைந்ததைத் தேடி, தொட்டால் நூல் பிரியும் சரக்கை மொத்தமாக வாங்கி, ஏழைக்கு இது போதும் என்று கொடுத்தால் அது சொத்தைக் குலைதான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து நம் கடற்கரையை அழித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் பழந்துணி வந்தது. அனுப்பியவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் கிழிந்ததும் அழுக்கானதும் அந்த மக்களுக்குப் பழக்கமில்லாததுமான உடுப்புகள் மூட்டை மூட்டையாகச் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் கிடந்தன. வீடும் உறவும் இழந்து நின்றவர்கள் அவற்றை எடுக்க மறுத்தார்கள். அவர்களைக் குறை கூற முடியுமா? உழைத்து உண்டு, தம் கைப்பணத்தில் உடுத்திய மக்கள் அவர்கள். அந்த மூட்டைகளை நாம் கண்ணை மூடிக்கொண்டே அல்லாமல் வாங்கியிருப்போமா?

அதே பழைய சேலை ஒன்றை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். அலமாரியில் இடம் வேண்டும் என்று சுருட்டிக் கொடுப்பது ஒரு விதம். துவைத்து, நைந்ததை நீக்கி, நல்லதைத் தேர்ந்து, இரண்டு மாதப் பொழுதையும் கண் பார்வையையும் அதில் இறக்கி, இன்ன வீட்டுப் பிள்ளைக்கு என்று நிய்யத் வைத்துத் தைத்துக் கொடுப்பது இன்னொரு விதம். துணி ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் கொடுக்கப்படுவது துணி மட்டும் அல்ல. நீங்கள் நேசிப்பதிலிருந்து கொடுக்காத வரை நன்மையை அடைய மாட்டீர்கள் என்ற கருத்தில் ஆல இம்ரானின் 92ஆம் வசனம் இருக்கிறது. காசு இல்லாத ஒரு தாய் நேசிப்பவற்றில் பெரியது அவளுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேர ஓய்வுதான். அதை அவள் கொடுக்கிறாள்.

நபியின் இல்லத்தில் ஊசியும் நூலும்

ஒட்டுப் போடுவதைக் கேவலமாக நினைப்பவர்கள் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தை எட்டிப் பார்க்க வேண்டும். தங்கள் ஆடையைத் தாங்களே தைத்துக்கொள்வதும் செருப்பைத் தாங்களே செப்பனிடுவதும் நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்ததென்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் அமீருல் முஃமினீனாக இருந்த காலத்தில், அவர்களின் இரு தோள்களுக்கிடையில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததை அனஸ் (ரலி) அவர்கள் பார்த்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை உருவங்கள் இருந்த திரைத் துணி ஒன்றை வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு வெறுத்தார்கள். அன்னையவர்கள் அதைக் குப்பையில் எறியவில்லை. வெட்டித் தலையணையாகத் தைத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. தொங்கும்போது தவறாக இருந்த துணி, வெட்டித் தைக்கப்பட்டதும் நபியவர்களின் வீட்டுத் தலையணையாயிற்று.

கையால் உழைத்துக் கொடுப்பதன் சிறப்புக்கு இதைவிடத் தெளிவான செய்தியும் இருக்கிறது. தங்கள் மறைவுக்குப் பின் தங்களை முதலில் வந்து சேர்பவர், மனைவியரில் கை மிக நீண்டவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்னையர் தங்கள் கைகளை அளந்து பார்த்துக்கொண்டார்கள். நபியவர்களுக்குப் பின் அவர்களில் முதலில் வஃபாத்தானவர் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். அப்போதுதான் சொல்லின் பொருள் விளங்கிற்று. அவர்கள் தம் கையாலேயே வேலை செய்து, அதைக் கொண்டு தர்மம் செய்து வந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுவது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நீளமான கை என்பது கொடுக்கும் கை.

தைப்பவரின் இன்பம்

சகோதரியின் கேள்வியில் இரண்டாம் பகுதி ஒன்றிருக்கிறது. மனத்திருப்திக்காகத் தைத்துவிட்டு நன்மை என்று எண்ணிக்கொள்கிறேனா என்று கேட்டிருந்தார். தம் உள்ளத்தையே சந்தேகித்துக் கேட்ட இந்தக் கேள்வியில் ஈமானின் மணம் வீசுகிறது. செய்யும் வேலையில் இன்பம் காண்பது குற்றமன்று. சமைப்பவர் வாசனையில் மகிழ்வதால் விருந்தின் நன்மை குறைந்துவிடுமா? ஆனால் அந்த இன்பம் நமக்காக மட்டும் நின்றுவிட்டதா, கொடையாக முதிர்ந்ததா என்பதைச் சோதிக்க ஓரிடம் உண்டு. அது போர்வை கையைவிட்டுப் போன பிறகு வருகிறது.

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் உள்ள செய்தியைக் கவனியுங்கள். ஒரு பெண்மணி கரை போட்ட மேலாடை ஒன்றைக் கொண்டுவந்து, தங்களுக்கு உடுத்தக் கொடுப்பதற்காக என் கையாலேயே நெய்தேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் கொடுத்தார். அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஏற்று, உடுத்திக்கொண்டே தோழர்களிடம் வந்தார்கள். அங்கிருந்த ஒருவர் அதன் அழகைப் பாராட்டி, தமக்குத் தரும்படி கேட்டார். நபியவர்கள் இல்லத்திற்குச் சென்று, அதை மடித்து அவருக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் அவரைக் கடிந்துகொண்டபோது, உடுத்துவதற்காகக் கேட்கவில்லை, என் கபனாக ஆகட்டும் என்றே கேட்டேன் என்றார். பின்னர் அதுவே அவருடைய கபனாயிற்று.

இந்தச் செய்தியில் அந்தப் பெண்மணியைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. யாருக்காக நெய்தாரோ அவர் உடுத்தியது சிறிது நேரம்தான். அந்த ஆடை இன்னொருவரிடம் போய், மண்ணுக்குள்ளும் சென்றுவிட்டது. அவர் முறையிட்டதாக அறிவிப்பில் ஒன்றும் இல்லை. கொடுத்த கணத்தில் அவருடைய உரிமை முடிந்தது. பெற்றவர் அதை வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம்; அது அவர் விருப்பம்.

இதை எழுதுவது எளிது. நமது தாயார் போர்வை தைத்துக் கொடுத்த ஒரு வீட்டின் பக்கமாக ஒரு நாள் போய் வந்தார்கள். வந்தவர்கள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: அந்தப் போர்வையை ஆட்டுக்குட்டிக்கு விரித்திருக்கிறார்களாம். நமக்கே நெஞ்சு வலித்தது. இரண்டு மாத உழைப்பு! போய்க் கேட்டுவிட வேண்டும் என்று நாம் எழுந்தோம். தாயார் தடுத்தார்கள். "கேட்டா, கொடுத்ததெல்லாம் போயிடும் வாப்பா. அந்தக் குட்டிதான் அவளுக்குச் சோறு" என்றார்கள். ஆனாலும் அன்று இரவு அவர்கள் நன்றாக உறங்கவில்லை என்பது நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை பிறந்தபோது இன்னொரு போர்வை போயிற்று. வலி இருந்தும் கொடுத்ததுதான் அந்தக் கொடையின் எடை என்று நாம் கருதுகிறோம்.

சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. நூலை உறுதியாக முறுக்கி முடித்த பிறகு தானே அதைப் பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று, சத்தியத்தை முறிப்பவர்களுக்கு நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் உவமை கூறுகிறது. ஊசி பிடிப்பவர்களுக்கு இந்த உவமை மற்றவர்களைவிட நன்றாக விளங்கும். நான் தைத்துக் கொடுத்த போர்வை என்று நாலு பேர் நடுவில் ஒரு சொல் சொன்னால், 13,000 தையலும் ஒரே இழுப்பில் பிரிந்துவிடுகின்றன.

கவனிக்க வேண்டிய சில மஸ்அலாக்கள்

போர்வை ஹலாலான துணியால் ஆனதாக இருக்க வேண்டும். தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத் துணி வாடிக்கையாளருக்குச் சொந்தமானது. தையற்காரரிடம் அது அமானத். எவரும் திரும்பக் கேட்காத சிறு துணுக்குகளை ஊர் வழக்கப்படி எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஒரு சட்டைக் கைக்கு ஆகும் அளவு துணி மிஞ்சியிருந்தால், உரியவரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

மௌத்தானவருடைய துணிகளில் இன்னும் கவனம் தேவை. ஒருவர் இறந்த சில நாட்களிலேயே அவருடைய உடுப்புகளை அள்ளி ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தத் துணிகளும் அவர் விட்டுச்சென்ற சொத்துதான். வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்குண்டு. வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பங்கைத் தர்மமாகக் கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. அநாதையின் உடைமையை எடுத்து ஏழைக்குக் கொடுப்பது நன்மையாகாது. வாப்பாவின் கைலிகளை நமது தாயார் தொடுவதற்கு முன், பருவமடைந்திருந்த எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். அப்போது அது நமக்கு அதிகப்படியான பேணுதலாகத் தோன்றிற்று. பின்னர் கிதாபைப் புரட்டியபோதுதான் அவர்கள் செய்தது சட்டப்படியே சரி என்று தெரிந்தது.

தொட்டில் துணி போன்றவற்றில் நஜீஸ் பட்டிருக்கக்கூடும். சுத்தமாகக் கழுவிய பின்பே தைக்க வேண்டும். பெறுபவர் அதன்மேல் தொழவும் கூடும் அல்லவா? பட்டுச் சேலைத் துண்டுகள் மிகுந்த போர்வையைப் பெண்களுக்குக் கொடுப்பதே பேணுதல். ஆண்கள் பட்டு விரிப்பைப் பயன்படுத்துவதைப் பெரும்பாலான இமாம்கள் தடுத்திருக்கிறார்கள். போர்வையை ஸதகாவாகவோ ஹதியாவாகவோ கொடுங்கள். ஜகாத் கணக்கில் சேர்க்க நாடினால், பொருளாகக் கொடுப்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்து செய்யுங்கள்.

கொடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். இன்று ஒரு பொட்டலம் கொடுப்பதற்கும் கைபேசியில் படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாத அளவுக்கு மறைத்துக் கொடுத்தவர் அர்ஷின் நிழலுக்கு உரியவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, பெறுபவரின் முகத்தை ஊரெல்லாம் காட்டுவது எந்த நன்மையைச் சேர்ந்தது? போர்வை உடலை மறைக்கும் பொருள். அதைக் கொடுக்கும்போது ஒருவருடைய வறுமையைத் திறந்து காட்டுவது எவ்வளவு முரண்! ஆகவே மாலை இருட்டியபின் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை பிறந்த வீடானால், "பிள்ளைக்கு எங்கள் அன்பளிப்பு" என்று சொல்லச் சொல்லுங்கள். அது ஹதியாவாகப் போகட்டும். வாங்குபவரின் தலை தாழாது.

கொடுப்பது சிறிதாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். அண்டை வீட்டுக்காரிக்கு ஆட்டுக் குளம்பே ஆனாலும் அற்பமாக எண்ணாதீர்கள் என்று முஸ்லிம் பெண்களை அழைத்து நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறிவுரை கொடுப்பவளுக்கும் உண்டு, வாங்குபவளுக்கும் உண்டு. பாதிப் பேரீச்சம்பழத்தைக் கொண்டேனும் நரகிலிருந்து காத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில், கைலித் துண்டுக்கு இடமில்லாமல் போகாது.

அந்தச் சகோதரிக்கு நமது விடை இதுதான்: தையுங்கள். முடிந்ததும் உங்கள் பிள்ளைக்கு விரித்துப் பாருங்கள். உங்கள் மனம் கூசாமல் விரிக்க முடிந்தால் கொடுங்கள். கொடுத்தபின் திரும்பிப் பார்க்காதீர்கள். நீங்கள் தைத்த போர்வை யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிந்தவன் இருக்கிறான்.

நமது தாயாருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. நம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பத்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுகிறாள். மறுநாள் லுஹருக்குப் பின் அவை ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. நீலகிரிக்கு நம்முடன் வந்த போர்வையை இப்போது நாம் வைத்திருக்கவில்லை. அந்த மலையிலிருந்து திரும்பும்போது, பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த முதியவருக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். வாப்பாவின் கைலித் துண்டு அதில் இருந்ததால் கை தயங்கிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. தாயாரிடம் சொன்னபோது, "நல்லது. உனக்கு வேற தைக்கணும், நூல் வாங்கிட்டு வந்தியா?" என்றார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தாய்மார்களின் விரல்களில் பரக்கத் செய்வாயாக! அவர்கள் கொடுப்பதில் முகஸ்துதி கலந்துவிடாமல் காப்பாயாக! கற்ற கல்வியால் பிறர் செய்யும் நன்மையைத் தடுத்துவிடும் அவசரத்திலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! குளிரில் நடுங்கும் உன் அடியார்களுக்குப் போர்வை அளித்தவர்களை, நிழலே இல்லாத அந்நாளில் உன் அருள் நிழலால் போர்த்துவாயாக! ஆமீன்.